கோழி ஷெட்டில் என் துப்பாக்கிக்கு நடந்த பரீட்சை

போன வருடம் ஆடி மாதம், ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம். கோயம்புத்தூர் கணபதியில் எங்கள் வீட்டு வாசலில் ஸ்கூட்டரை ஸ்டாண்ட் போடுவதற்காகக் குனிந்தேன். தோளில் மாட்டியிருந்த நீளப் பை நழுவிப்போய் சிமெண்ட் படியின் விளிம்பில் விழுந்தது. விழுந்த சத்தத்தில் எதிர்வீட்டு நாய் எழுந்து உட்கார்ந்தது. பைக்குள் இருந்தது என் துப்பாக்கி.

துப்பாக்கி என்றதும் யாரும் பயந்துகொள்ள வேண்டாம். உளுந்து அளவு ஈயக் குண்டைக் காற்றின் அழுத்தத்தில் தள்ளிவிடுகிற ஏர் ரைஃபிள்தான். அட்டையில் அச்சடித்த கறுப்பு வட்டத்தைத் தவிர வேறு எதையும் நான் சுட்டது கிடையாது. மகள் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது அவளைத் துப்பாக்கி சுடும் கிளப்பில் சேர்த்துவிட்டோம். அவள் இரண்டே மாதத்தில் அலுத்துப்போய் நின்றுவிட்டாள். கூட்டிக்கொண்டு போய் பெஞ்சில் உட்கார்ந்திருந்த நான் நிற்கவில்லை. நாற்பது வயதுக்கு மேல் இது என்ன கூத்து என்று சொந்தபந்தமெல்லாம் சிரித்தது. "மாப்பிள்ளைய சூதானமா இருந்துக்கச் சொல்லுங்க" என்று ஒரு கல்யாண வீட்டில் என் காதுபடவே சொன்னார்கள். நானும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு, மறுநாள் காலையில் கிளப்புக்குப் போனேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கிளப்பில் போட்டி. பெரிய போட்டியெல்லாம் இல்லை, உறுப்பினர்கள் தங்களுக்குள் வைத்துக்கொள்வது. ஆனால் எனக்கு அது மானப் பிரச்சினை. ஏனென்றால், அதற்கு முந்தின வருடப் போட்டியில் பதட்டத்தில் பக்கத்து மேஜைக்காரரின் அட்டையைப் பார்த்து பாதிக் குண்டுகளைச் சுட்டுத் தள்ளிவிட்டேன். அவருடைய அட்டை சல்லடை ஆகிவிட்டது, என்னுடையது அரைகுறையாகக் கிடந்தது. அவர் நல்ல மனிதர், "பரவால்லைங்க, நல்லாத்தான் சுட்டிருக்கறீங்க" என்றார். அது இன்னும் அவமானமாக இருந்தது. ஒரு வருடம் முழுக்க அந்த வெட்கத்தோடுதான் பயிற்சி செய்தேன். இந்த முறை என் அட்டையில், நான் சுட்ட ஓட்டைகளோடு வெளியே வர வேண்டும். பரிசெல்லாம் அப்புறம்.

அதற்கு இரண்டு நாள் இருக்கும்போதுதான் துப்பாக்கி விழுந்தது.

பையைத் திறந்து பார்த்தேன். கட்டைக்கு ஒன்றும் ஆகவில்லை. குழலும் நேராகத்தான் இருந்தது. ஆனால் துப்பாக்கியின் முதுகில் மாட்டியிருக்கும் ஸ்கோப்பின் ஓரத்தில் நகம் அளவுக்குக் கறுப்புப் பூச்சு உரிந்து பளபளத்தது. அடி அதன்மேல்தான் பட்டிருக்கிறது. ஸ்கோப் என்பது சின்னத் தொலைநோக்கி. அதற்குள்ளே கூட்டல் குறி மாதிரி இரண்டு மெல்லிய கோடுகள் தெரியும். கோடுகள் சந்திக்கிற இடத்தில் குண்டு போய் விழ வேண்டும். மேலே ஒரு திருகு, பக்கத்தில் ஒரு திருகு. அவற்றை 'டிக் டிக்' என்று திருகினால் கோடு கொஞ்சம் கொஞ்சமாக நகரும். அப்படி நகர்த்தி, குண்டு விழும் இடத்தோடு பொருத்திவைத்திருப்போம். கண்ணை வைத்துப் பார்த்தேன். கண்ணாடி தெளிவாக இருந்தது, கோடுகளும் இருந்தன. குலுக்கிப் பார்த்தேன், உள்ளே எதுவும் உருளவில்லை. ஆனால் கோடு முடியளவு நகர்ந்திருந்தாலும் அட்டையில் குண்டு எங்கேயோ போய்விடும். சுட்டுப் பார்த்தால்தான் தெரியும். போட்டிக்கு ஏற்பாடு செய்வதற்காக சனிக்கிழமை கிளப்பை மூடிவிட்டார்கள்.

இந்த இடத்தில் என் வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். லேத் பட்டறை வைத்திருக்கிறார். மோட்டார் பம்புக்கு ஷாஃப்ட், அதாவது சுழலுகிற இரும்புத் தண்டு, கடைந்து கொடுப்பது தொழில். அவரைப் பொறுத்தவரை உலகத்தில் உள்ள பொருள்களுக்கெல்லாம் ஒரே ஒரு வியாதிதான். அதன் பெயர் சென்டர் அவுட். சுழலும்போது நடுவில் நிற்காமல் ஆடுகிறது என்று அர்த்தம். மிக்ஸி சத்தம் போட்டால் சென்டர் அவுட். ஃபேன் ஆடினால் சென்டர் அவுட். எனக்குக் கழுத்து வலி வந்து டாக்டரிடம் போனபோதும் வீட்டுக்காரர் அதைத்தான் சொன்னார்.

என் முகத்தைப் பார்த்தவர், "ஏம் புள்ள, இதுக்குப் போயி இப்படி உக்காந்திருக்கறே? காத்தால பட்டறைக்குக் கொண்டுபோயி நான் பாத்துத் தாரேன், உடு" என்றார். பையை அவரிடமே கொடுத்துவிட்டேன். பட்டறையில் அவர் கை படாமல் எந்த ஷாஃப்ட்டும் வெளியே போகாது. அந்தக் கையின்மேல் எனக்கு நம்பிக்கை உண்டு.

சனிக்கிழமை மத்தியானம் சாப்பாட்டுக்கு வந்தபோது அவர் முகத்தில் அப்படி ஒரு ஒளி. "நெனச்ச மாதிரியே சென்டர் அவுட்டு ஆயிப்போயிருந்துச்சு புள்ள. சரி பண்ணிப்போட்டேன். இனி முடியளவு ஆடாது" என்றார். என்ன செய்தீர்கள் என்று நான் கேட்கவில்லை. வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. அவருக்குப் பிடித்த உருளைக்கிழங்கு வறுவலை இன்னும் கொஞ்சம் வைத்தேன்.

ஆனாலும் சுட்டுப் பார்க்காமல் போட்டிக்குப் போக மனசு ஒப்பவில்லை. அப்போதுதான் பல்லடம் ஞாபகம் வந்தது. பல்லடத்துக்குப் பக்கத்தில் என் அண்ணன் கறிக்கோழிப் பண்ணை வைத்திருக்கிறார். பழைய பேட்ச் கோழி லாரி ஏறிப் போய்விட்டது, ஷெட்டைக் கழுவிச் சுண்ணாம்பு அடித்துக் காலியாகப் போட்டிருக்கிறோம் என்று இரண்டு நாள் முன்னால்தான் போனில் சொல்லியிருந்தார். கோழி ஷெட் எவ்வளவு நீளம் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். ரயில் பெட்டிகளைக் கோத்துவிட்ட மாதிரி இருக்கும். போனில் கேட்டதும், "இதுக்கெல்லாம் கேக்கோணுமா அம்மணி? பொறப்பட்டு வாங்க" என்றார்.

சூலூர் தாண்டியதும் ஆடிக்காற்று காரைப் பிடித்துப் பக்கவாட்டில் தள்ளியது. வெட்டவெளியில் சுட்டால் குண்டு காற்றோடு போயே போய்விடும். ஷெட்டுக்குள் அந்தக் கவலை இல்லை. அண்ணன் காற்று வரும் பக்கத்துப் படுதாக்களை எல்லாம் இறக்கிக் கட்டியிருந்தார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, மருந்துத் தண்ணீரில் காலை நனைத்துவிட்டு உள்ளே போனோம். பண்ணைக்காரர்கள் கவர்னரே வந்தாலும் அதை விடமாட்டார்கள்.

உள்ளே சுண்ணாம்பு வாசனை. படுதா இறக்கியதால், கறுப்பில் விழும் ஓட்டை ஸ்கோப்பில்கூடத் தெரியாத அளவுக்கு வெளிச்சம் மங்கலாக இருந்தது. அடுத்த பேட்சுக்குத் தரையில் பரப்புவதற்கு வாங்கிய தேங்காய் நார்த்தூள் மூட்டைகள் தள்ளி ஒரு பக்கம் கிடந்தன. அவற்றில் சிலவற்றை நாங்கள் நடு ஷெட்டில் சுவர் மாதிரி அடுக்கினோம். அதில் கிளப் அட்டை ஒன்றைச் சாக்கு ஊசியால் குத்திவைத்தோம். இந்தப் பக்கம் மேஜை, மேஜைமேல் அரிசிப் பை, அரிசிப் பைமேல் துப்பாக்கி. கை நடுக்கம் குறுக்கே வரக்கூடாது என்பதற்காக அப்படிப் பையில் அமர்த்திச் சுடுவது வழக்கம். முதலில் ஸ்கோப்பைப் பிடித்திருக்கும் திருகாணிகளைத் தொட்டுப் பார்த்தேன். வீட்டுக்காரர் முடுக்கிய முடுக்கில் ஒன்றும் அசையவில்லை.

மூச்சை விட்டுவிட்டு, நிதானமாகச் சில குண்டுகளைச் சுட்டேன். துப்பாக்கியைக் காலி செய்து கீழே வைத்தேன். எழுந்து போகப் பார்த்தேன். அண்ணன் விடவில்லை.

"நீ உக்காரு அம்மணி. நான் பாத்துச் சொல்றேன்."

அண்ணனுக்கு என் முகம் வாடினால் தாங்காது. சின்ன வயதில் நான் கணக்கில் பெயிலானபோது, வாத்தியார் தப்பாகத் திருத்திவிட்டார் என்று சொல்லி எனக்கு ஐஸ் வாங்கிக் கொடுத்தவர். மூட்டைகளுக்குப் பக்கத்தில் போய்க் குனிந்து பார்த்தார். கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டார். பிறகு திரும்பி, ஷெட் முழுக்கக் கேட்கிற மாதிரி, "கறுப்புக்குள்ளயே அடிச்சுப்போட்டே அம்மணி!" என்றார்.

வீட்டுக்காரர் என்னைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார். நான் சொன்னேனல்லவா என்று அந்தப் புருவம் கேட்டது. எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. இன்னும் சில குண்டுகளைச் சுட்டேன். அண்ணன் மறுபடியும் போனார். மறுபடியும் கறுப்புக்குள். மூன்றாம் தடவையும் சுட்டுவிட்டு, "அட்டையக் கழட்டிக் கொண்டாங்கண்ணா, கறுப்புக்குள்ள எங்கன்னு பாக்கோணும்" என்றேன். "எதுக்கு அம்மணி, அதான் நான் சொல்றேனல்லோ" என்றார். நான் விடவில்லை. அட்டையைக் கழற்ற அவருக்கு வெகுநேரம் ஆனது. முதுகைக் காட்டிக்கொண்டு நின்று ஏதோ செய்துகொண்டிருந்தார். ஊசி இறுகிவிட்டது போல என்று நினைத்தேன்.

அட்டை கைக்கு வந்தது.

ஓட்டைகள் கறுப்புக்குள்தான் இருந்தன. ஆனால் ஒன்று மேலே, ஒன்று கீழே, ஒன்று இந்த ஓரம், ஒன்று அந்த ஓரம். தாயக்கட்டையை உருட்டிவிட்ட மாதிரி சிதறிக் கிடந்தன. துப்பாக்கி சுடுகிறவர்களுக்கு இதைப் பார்த்தால் பகீர் என்றிருக்கும். குண்டெல்லாம் ஒரே இடத்தில் கும்பலாக விழுந்தால், அது எந்த மூலையாக இருந்தாலும் கவலை இல்லை. திருகைத் திருப்பி நடுவுக்குக் கொண்டுவந்துவிடலாம். அரிசிப் பையில் அமர்த்திச் சுட்டும் இப்படி ஆளுக்கொரு திசையாகப் போனால், ஸ்கோப்புக்கு உள்ளேயே ஏதோ கழன்றுவிட்டது என்று அர்த்தம். அதற்கு மருந்து கிடையாது. வேறு வாங்கித்தான் மாட்ட வேண்டும். விடிந்தால் போட்டி.

"போச்சுங்க. இது செத்துப்போச்சு. நாளைக்கு நான் போகல" என்றேன்.

வீட்டுக்காரருக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. "அதெப்படிப் போகும்? என்ற கையில பாத்து நான் சரி பண்ணுனது. ஆடாம நின்னுது. சுடறதுல கோளாறா இருக்கும்" என்றார். ஒரு வருடம் பாடுபட்டவளிடம் சொல்லுகிற வார்த்தையா இது? எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. "ஆமாங்க, நான்தான் சென்டர் அவுட்டு" என்றேன். அண்ணன் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நின்றுகொண்டு, "அட உடுங்க மாப்ளே, உடு அம்மணி, எல்லாம் கறுப்புக்குள்ளதான போயிருக்குது, நல்லாத்தான் இருக்குது" என்று மாறி மாறிச் சமாதானம் பேசினார்.

அப்போதுதான் ஷெட்டின் அந்தக் கோடியிலிருந்து அண்ணி நடந்து வந்தார். கையில் டீ பிளாஸ்க்கும் டம்ளர்களும். மூட்டைகளுக்கு அந்தப்புறம் இருக்கிற சின்னக் கதவு வழியாக எப்போதோ உள்ளே வந்திருக்கிறார். நாங்கள் சுடுவதை நிறுத்தியிருந்த நேரமாகப் போயிற்று. சுடுவதற்கு முன்னால் அந்தக் கதவைத் தாழ் போட்டிருக்க வேண்டும். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

அண்ணியை எங்கள் பக்கத்தில் நங்கை என்போம். உண்மையைச் சொன்னால், இந்த நங்கைக்கும் எனக்கும் அவ்வளவாக ஒட்டாது. சண்டை எதுவும் கிடையாது. அவர் வாய்க்கு நான் கொஞ்சம் தள்ளியே இருப்பேன். ஊரெல்லாம் பேச்சுக்குப் பேச்சு 'ங்க' போட்டுத் தேன் தடவிப் பேசும்போது, இவர் மட்டும் எதையும் பட்டென்று போட்டு உடைத்துவிடுவார். என் மகள் வயசுக்கு வந்து சீர் செய்த அன்றைக்கு, நான் ஆசையாக எடுத்த பட்டுச்சேலையைப் பார்த்து, "இந்தக் கலரு உனக்கு ஆகல அம்மணி" என்றார். சபையில் எல்லாரும் நன்றாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்த நேரம். அந்தச் சேலையை நான் அப்புறம் கட்டவே இல்லை. அவர் சொன்னதை மறக்கவும் இல்லை.

அண்ணி பிளாஸ்க்கை மேஜையில் வைத்தார். எங்கள் மூன்று பேர் முகத்தையும் ஒரு சுற்றுப் பார்த்தார்.

"எதுக்குங்ணா ரெண்டு பேரும் சண்டை கட்டிக்கறீங்க?" என்று வீட்டுக்காரரைக் கேட்டுவிட்டு, என் பக்கம் திரும்பினார். "அந்த அட்டைல இருக்கற ஓட்டை ஒண்ணுகூட நீ போட்டதில்ல அம்மணி. உங்கண்ணன் பேனாவுல குத்துனது. பின்னாடி நின்னு நான் பாத்துட்டுத்தான் வாரேன்."

அண்ணன் சட்டைப் பையில் இருந்த பேனாவைக் கையால் மறைத்தார்.

"நாளைக்குப் போட்டிக்குப் போற புள்ள... அட்டைல ஒண்ணுகூடப் படலைன்னு எப்படிச் சொல்றது? மனசு சங்கடப்படுமல்லோ?" என்று அண்ணியிடம்தான் முறையிட்டார். என்னைப் பார்க்கவில்லை.

"அப்ப என்ற குண்டெல்லாம் எங்கண்ணா போச்சு?" என்றேன்.

அதற்கும் அண்ணிதான் பதில் சொன்னார். "அட்டைக்குக் கீழ, ஒரு சாண் எறக்கத்துல. சாக்குல பூந்து நார்த்தூளு பொலபொலன்னு கொட்டிக் கெடக்குது. அத்தனையும் ஒரே எடத்துல. ஒத்த ரூவாக் காசு வெச்சா மூடிப்போடும்."

நான் டம்ளரைக்கூட எடுக்காமல் ஓடினேன். ஓடினேன் என்றால் உண்மையாகவே ஓடினேன். அவர் சொன்ன மாதிரியே இருந்தது. அட்டைக்கு ஒரு சாண் கீழே சாக்கில் ஒரே ஒரு கிழிசல், காசு அளவுக்கு. நான் சுட்ட குண்டுகள் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக அதற்குள்தான் போயிருந்தன. கீழே சுண்ணாம்புத் தரையில் பழுப்பு நிறத்தில் நார்த்தூள் சின்னக் குவியலாகக் கிடந்தது. ஒன்றுகூட அட்டையில் படவில்லை. இதைவிட மோசமாக யாரும் சுட முடியாது. ஆனால் என் வாழ்க்கையில் அவ்வளவு அழகான ஓட்டையை நான் பார்த்ததில்லை. ஸ்கோப் சாகவில்லை. அடி வாங்கியும் கல் மாதிரி நின்றிருக்கிறது. என் கையும் சரியாக இருக்கிறது. குறி மட்டும்தான் இறங்கியிருக்கிறது. எனக்குச் சிரிப்பு வந்தது, கண்ணில் தண்ணீரும் வந்தது. பின்னாலேயே வந்த அண்ணியைக் கட்டிக்கொண்டேன்.

"உடு அம்மணி, டீ ஆறுது" என்றார் அண்ணி. அவர் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நான் அவரைக் கட்டிக்கொண்டது அதுதான் முதல் தடவை.

ஆனால் ஏன் ஒரு சாண் கீழே? முந்தின நாள் வரைக்கும் நடுவில் விழுந்த குண்டு, படியில் விழுந்த ஒரு அடிக்கு இவ்வளவு தூரம் இறங்குமா? அப்போதுதான் நான் மத்தியானமே கேட்டிருக்க வேண்டிய கேள்வியை வீட்டுக்காரரிடம் கேட்டேன்.

"ஏனுங்க, பட்டறைல இதை என்னதான் பண்ணுனீங்க?"

அவர் பெருமையாகத்தான் சொன்னார். ஸ்கோப்பைத் துப்பாக்கியிலிருந்து கழற்றியிருக்கிறார். ஷாஃப்ட்டைப் படுக்கவைத்து ஆட்டம் பார்ப்பதற்கு அவரிடம் பள்ளம் வெட்டிய இரும்புக் கட்டை இருக்கிறது. அதில் ஸ்கோப்பைப் படுக்கவைத்து, எதிர் கட்டடத்துத் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துக்கொண்டே மெதுவாக உருட்டியிருக்கிறார். உருட்ட உருட்ட, கூட்டல் குறி ஒரே இடத்தில் நிற்காமல் தொட்டியைச் சுற்றி வட்டம் போட்டிருக்கிறது. பார்த்ததும் முடிவு கட்டிவிட்டார், விழுந்த அடியில் சென்டர் அவுட். இரண்டு திருகுகளையும் திருப்பித் திருப்பி, எப்படி உருட்டினாலும் குறி அசையாமல் நிற்கிற மாதிரி செய்துவிட்டார். காலையெல்லாம் அதுதான் வேலை. ஒரு ஷாஃப்ட்கூட கடையவில்லையாம்.

எனக்குப் புரிந்துவிட்டது. தரையிலேயே உட்கார்ந்து சிரித்தேன். ஸ்கோப்பின் கோடு ஸ்கோப்புக்கு நடுவில் இருக்க வேண்டியது கிடையாது. துப்பாக்கி குண்டை எங்கே போடுகிறதோ அங்கே பார்க்க வேண்டும். என் துப்பாக்கியின் குழல் கொஞ்சம் கீழ்நோக்கிச் சாய்ந்தது, பல ஏர் ரைஃபிள்கள் அப்படித்தான். அதற்கு ஏற்ற மாதிரி நான் ஒரு வருடமாக டிக் டிக்காகத் திருகிக் கோட்டை ஓரமாக நகர்த்தி வைத்திருந்தேன். அதைத்தான் இவர் கோளாறு என்று நினைத்து, கர்மசிரத்தையாகத் துடைத்தெடுத்துவிட்டார். துப்பாக்கி சிமெண்ட் படியில் விழுந்தபோது ஒன்றும் ஆகாமல் இருந்திருக்கலாம். எங்கள் பட்டறையிலிருந்து அது தப்பவில்லை.

நான் சொல்லச் சொல்ல அவர் முகம் சுருங்கிப்போனது. "அப்ப நான் சரி பண்ணல, கெடுத்துப்போட்டனா?" என்றார். "கெடுக்கலீங்க, ரொம்ப நல்லா நடுவுல வெச்சிருக்கறீங்க. துப்பாக்கிதான் நடுவுல இல்ல" என்றேன். அண்ணன் மெதுவாக, "நல்லவேளை, என்ற பேனா மேல மட்டும் பழி போகல" என்றார். அண்ணி அவரைத் திரும்பிப் பார்த்த பார்வையில் அவர் படுதாக் கயிற்றைச் சரிசெய்யப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு நடந்த பரீட்சைக்கு அண்ணிதான் கண். சின்னக் கதவைத் தாழ் போட்டோம். நான் சுட்டு, துப்பாக்கியைக் காலி செய்து வைத்தபின் அவர் நடந்து போவார். குனிந்து பார்ப்பார். அவரிடம் அளவுகோல் எதுவும் கிடையாது. விரலை வைத்து அளந்துவிட்டு, அங்கிருந்தே சொல்லுவார்.

"அஞ்சு விரக்கடை கீழ. ஒரு விரக்கடை சோத்தாங்கைப் பக்கம்."

நான் திருகை மேலே ஏற்றுவேன், கொஞ்சம் இடது பக்கம் தள்ளுவேன். மறுபடியும் கொஞ்சம் குண்டு. ஒரு குண்டு போட்டதும் திருகைத் தொட்டுவிடக்கூடாது. கும்பலாகச் சில குண்டுகள் விழுந்த பிறகுதான் நகர்த்த வேண்டும். ஒரு கட்டத்தில் அவசரப்பட்டு ஒரே குண்டைச் சுட்டுவிட்டு, "எப்படீங்க நங்கை?" என்றேன். போய்ப் பார்த்துவிட்டு, "அட்டைல பட்டிருக்குது. பெருமைப்பட ஒண்ணுமில்ல" என்றார். டீ குடித்துக்கொண்டிருந்த வீட்டுக்காரருக்குப் புரையேறிவிட்டது.

நடுவில் ஒரு தடவை அண்ணன், "நீ நடந்து நடந்து கால் வலிச்சுப்போகும், இந்த ஒருக்கா நான் பாக்கறேன்" என்று கிளம்பினார். "நீங்க இங்கயே நில்லுங்க. பேனாவ மேஜை மேல வெச்சுப்போட்டு நில்லுங்க" என்றார் அண்ணி. அவரும் மறுபேச்சுப் பேசாமல் வைத்துவிட்டு நின்றார்.

வெயில் தாழும்போது, படுதா இடுக்கு வழியாக மஞ்சள் வெளிச்சம் கோடு கோடாகத் தரையில் விழுந்திருந்தது. கடைசியாகச் சுட்ட கும்பலைப் பார்க்க அண்ணி போனார். வழக்கத்தைவிட அதிக நேரம் குனிந்திருந்தார். இவர் 'நல்லா இருக்குது' என்று சொல்ல வேண்டுமே என்று ஏங்கினேன். எத்தனையோ பேர் எத்தனையோ தடவை அப்படிச் சொல்லியிருக்கிறார்கள், அதற்காக நான் இப்படி ஏங்கியதே கிடையாது. அவர் நிமிர்ந்தார்.

"நடுவுல. அத்தனையும் நடுவுல" என்றார். அவ்வளவுதான் சொன்னார். நான் துள்ளிக் குதித்தேன். வீட்டுக்காரர் கை தட்டினார். அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டார், தூசி விழுந்துவிட்டது என்றார். கிளம்பும்போது அண்ணி சாக்கைக் காட்டி, "குண்டு பூந்த மூட்டைய ஒதுக்கி வெச்சுப்போட்டுப் போங்க. கோழி கொத்தித் தின்னுபோடும்" என்றார். மூன்று பேரும் மூட்டை தூக்கினோம்.

அன்றைக்கு ராத்திரியே அண்ணியை எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்து, மறுநாள் போட்டிக்கும் கூட்டிக்கொண்டு போனேன். அண்ணனும் வருவேன் என்றார், குஞ்சு வண்டி வருகிறது என்று விட்டுவிட்டார். மேஜைக்கு முன்னால் உட்கார்ந்ததும் முதல் வேலையாக என் எண்ணையும் என் அட்டையின் எண்ணையும் மறுபடி மறுபடி ஒத்துப் பார்த்தேன். பிறகு நிதானமாகச் சுட்டேன். ஸ்கோப் சொன்ன சொல் தவறவில்லை. நான் எங்கே பார்த்தேனோ அங்கே போனது. இடையில், வீட்டில் கேஸ் அடுப்பை அணைத்தேனா இல்லையா என்று திடீரென்று ஒரு சந்தேகம் வந்தது. அந்த நினைப்போடு இரண்டு குண்டைச் சுட்டுவிட்டேன். அப்புறம் தலையை உதறிக்கொண்டு மீதியைச் சுட்டு முடித்தேன்.

பரிசு வாங்கவில்லை. நடுவில் ஒரு மரியாதையான இடம் கிடைத்தது. ஆனால் அட்டை என்னுடையது, ஓட்டைகள் என்னுடையவை. முந்தின வருடம் சல்லடையான அட்டையின் சொந்தக்காரரே வந்து, "இந்த வருசம் எனக்கு ஒண்ணும் குடுக்கலீங்களா?" என்று கேட்டுவிட்டுக் கை குலுக்கினார். வீட்டுக்காரர் அட்டையைப் பார்த்து, "சூப்பர் புள்ள, நீதான் ஃபர்ஸ்ட்டு வந்திருக்கோணும், ஜட்ஜு சரியில்ல" என்றார். போனில் அண்ணன், "எனக்கு அப்பவே தெரியுமல்லோ அம்மணி" என்றார். அவர்கள் இரண்டு பேரும் அப்படிச் சொல்லாமல் இருந்திருந்தால் எனக்கு ஏமாற்றமாகத்தான் இருந்திருக்கும். அந்தப் பிரியத்தை நான் குறை சொல்ல மாட்டேன்.

அண்ணி அட்டையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஓரமாகக் கிடந்த இரண்டு ஓட்டைகளில் விரலை வைத்தார்.

"மத்ததெல்லாம் சரி. இந்த ரெண்டு மட்டும் என்னத்தையோ நெனச்சுட்டுச் சுட்டிருக்கறே."

நான் கேஸ் அடுப்பைச் சொன்னேன். "அணைச்சுட்டுத்தான் வந்தே. நான் பாத்தேன்" என்றார். காரில் ஏறியதும் அவர் தோளில் சாய்ந்துகொண்டேன். அன்றைக்கு அந்தப் பேனா ஓட்டைகளை நம்பியிருந்தால், நல்ல ஸ்கோப்பைத் தூக்கி எறிந்துவிட்டு, போட்டிக்கும் போகாமல் வீட்டில் அழுதுகொண்டிருந்திருப்பேன். எல்லாம் தவறிப்போன இடத்தில்தான் நான் சரியாக இருக்கிறேன் என்கிற சேதியும் இருந்தது. அதை எடுத்துச் சொல்ல ஒருத்தருக்குத்தான் மனசு வந்தது. இப்போதெல்லாம் சேலை எடுத்தாலும், பலகாரம் சுட்டாலும், மகளுக்கு வரன் ஒன்று வந்தாலும், எல்லாரும் நல்லாயிருக்குது என்று சொல்லி முடித்த பிறகு நான் பல்லடத்துக்கு ஒரு போன் போடுகிறேன், எங்கே விழுந்திருக்கிறது என்று அண்ணி வாயால் கேட்டால்தான் எனக்கு மனசு நிம்மதியாகிறது.